எவ்வளவு கரி போதும்?

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் 2023-இல் பி.சி.பி.எல். நிறுவனம் ஒரு கரி ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 1,47,000 டன் கார்பன் பிளாக் தயாரிக்கும் திறனோடு கட்டப்பட்டது அது. அதே சிப்காட்டில் மிஷெலின் டயர் ஆலை இருக்கிறது. ஆந்திர எல்லையைத் தாண்டிச் சத்தியவேடு பக்கம் போனால் ஸ்ரீசிட்டி. அதற்கு அருகில் சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ் 2020 ஜூனில் தன் ஆலையைத் தொடங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கத்து வட்டாரம் 2022 வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்கும் இடம்.

கார்பன் பிளாக் எப்படிப் பிறக்கிறது? கனமான எண்ணெயைப் போதிய காற்றுக் கொடுக்காமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் எரிக்கிறார்கள். எழும் கரும்புகையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, வடிகட்டிப் பிடிக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் தூளின் அடிப்படைத் துகள், டயரின் மேல்தோலுக்குப் போகும் ரகத்தில், ஏறக்குறைய 20 முதல் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கொத்துக் கொத்தாக நிற்கும். ஆக, நானோ தொழில்நுட்பம் என்ற பெயர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே லாரி லாரியாக நானோ கரி ஏற்றிக்கொண்டிருந்த தொழில் இது. ஆலை வாசலில் யாரும் அதை நானோ என்று சொல்வதில்லை. மூட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள்.

நானோ என்ற சொல்லுக்கு மவுசு வந்தது பின்னால். 1985-இல் கார்பன் அணுக்கள் 60 சேர்ந்து பந்து வடிவில் நிற்கும் ஃபுல்லரீன் கண்டறியப்பட்டது. 1991-இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் சுமியோ இஜிமா கார்பன் நானோ குழாய்களைப் படம்பிடித்து எழுதினார். ரஷ்யாவில் ராதுஷ்கெவிச், லுக்யானோவிச் என்ற இருவர் 1952-லேயே அப்படிப்பட்ட குழாய்களின் படத்தை வெளியிட்டிருந்தாலும், உலகம் கவனித்தது இஜிமாவைத்தான். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒரே அணு தடிமனுள்ள கிராஃபீன் ஏட்டைப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்திரிகைகள் எழுதியது ஏறத்தாழ ஒன்றே: எஃகைவிட வலிமை, செம்பைவிட நல்ல மின்கடத்தி, விண்வெளிக்கே லிஃப்ட் கட்டலாம்.

லிஃப்ட் வரவில்லை. வந்தது பேட்டரிக்குள் ஒரு சிட்டிகைக் கரி. விலை, திறன், பாதுகாப்பு மூன்றும் ஓரளவு ஒத்துப்போன இடம் அதுதான் என்பதால் அப்படி ஆயிற்று. ஒரே கரி டயரில், பேட்டரியில், வயலில் எப்படி வெவ்வேறு நியாயம் பெறுகிறது என்பதைப் பார்க்கச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம். மூன்றுமே அங்கே அருகருகே இருக்கின்றன.

முதலில் டயர். 1910-களுக்கு முன் டயர் கறுப்பாக இருக்கவில்லை. வெளுத்த நிறத்தில் இருந்தது, சீக்கிரம் தேய்ந்தது. கார்பன் பிளாக் சேர்த்ததும் தேய்மானம் பல மடங்கு குறைந்தது. ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கரித்துகளின் பரப்பில் இறுகப் பற்றிக்கொள்வதால் கிழிவது எளிதில் நடப்பதில்லை. துகள் சிறியதாக ஆக ஒரு கிராமில் கிடைக்கும் பரப்பு கூடும், பிடிமானமும் கூடும். இன்றைய டயரின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தக் கரிதான்.

அந்தக் கால் பங்குதான் விலையைத் தீர்மானிக்கிறது. கார்பன் பிளாக் கிலோ நூறு ரூபாயைச் சுற்றி விற்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் அடங்கிய பல சுவர் நானோ குழாய் கிலோவுக்கு ஆயிரங்களில். ஒற்றைச் சுவர் நானோ குழாய் லட்சத்தைத் தாண்டும். ஒரு லாரி டயரில் பத்து கிலோவுக்கு மேல் கரி போகிறது. அந்த இடத்தில் நானோ குழாயைக் கொட்டினால், டயர் எவ்வளவு உழைத்தாலும் லாரிக்காரர் வாங்க மாட்டார். வாங்கினாலும் இன்னொரு தடை இருக்கிறது. டயர் தேய்ந்துதான் தீரும். திருமலை மலைப்பாதையில் நாள் முழுக்க ஏறி இறங்கும் பேருந்துகளின் சக்கரங்களிலிருந்து உதிரும் தூள் சேஷாசலம் காட்டு ஓரத்திலும் மழைநீர்க் கால்வாயிலும்தான் போய்ச் சேர்கிறது. அந்தத் தூளில் கரி பெரும்பாலும் ரப்பருக்குள் சிறைப்பட்டே இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் பயன்படுத்தும்போதே உதிரும் என்று தெரிந்த ஒரு பொருளில், மண்ணில் சுலபத்தில் சிதையாத புதுப்பொருளைச் சேர்ப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். டயரில் அந்தக் காரணம் இல்லை.

பழைய கரிக்கும் கணக்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு டன் கார்பன் பிளாக் தயாரிக்கும்போது சுமார் 2.6 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்பது ஐ.நா. காலநிலைக் குழு நாடுகளுக்குக் கொடுத்திருக்கும் இயல்பு மதிப்பு. பழக்கப்பட்ட பொருள் என்பதால் அது சாதுவான பொருள் ஆகிவிடுவதில்லை.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் வழியில் கரகம்பாடி. அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய ராமச்சந்திர நாயுடு கல்லா 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் ஊர் அது. அமரான் என்ற பெயரில் கார், இன்வெர்ட்டர் கடைகளில் பார்க்கும் பேட்டரிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நிறுவனத்தின் அடிப்படைத் தொழில் ஈய-அமில பேட்டரி. நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கண்டுபிடிப்பு. இன்றும் ஓய்வு பெறவில்லை.

ஈய-அமில பேட்டரி எதனால் சாகிறது என்று கேட்டால் மெக்கானிக் ஒரே வார்த்தை சொல்வார்: சல்ஃபேஷன். மின்சாரம் வெளியேறும்போது பிளேட்டுகளின் மேல் வெள்ளையாக ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது பழையபடி ஈயமாகவும் ஈய ஆக்சைடாகவும் மாறிவிடும். பாதி சார்ஜிலேயே கிடந்தால் அந்தப் படிகங்கள் பெருத்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. மின்வெட்டு அதிகமுள்ள ஊரின் இன்வெர்ட்டர், மேகமூட்ட நாட்களில் சோலார் விளக்கு, சிக்னலில் எஞ்சின் தானே நின்று கிளம்பும் கார் ஆகியவற்றில் பேட்டரி பாதி சார்ஜிலேயே காலம் தள்ளுகிறது.

இங்கேதான் கரி கைகொடுக்கிறது. நெகட்டிவ் பிளேட்டின் ஈயக் குழம்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான அளவு கார்பன் பிளாக் சேர்ப்பது பழைய வழக்கம். அது படிகங்களுக்கு இடையே மின்சாரம் ஓட வழி வைக்கிறது. படிகங்கள் பெருப்பதையும் தடுக்கிறது. நானோ குழாய் நீளமானது, நூல் போன்றது என்பதால், அதே வேலையை இன்னும் சிறிய அளவில் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அமைப்பு உருவாக்கிய அல்ட்ராபேட்டரி, நெகட்டிவ் பக்கத்தில் கரியை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தி, பாதி சார்ஜில் உழைக்கும் ஆயுளை நீட்டிக் காட்டியது.

அப்படியானால் நிறையப் போட்டுவிடலாமே? முடியாது. கரியின் பரப்பில் ஹைட்ரஜன் வாயு ஈயத்தைவிடச் சுலபமாகக் கிளம்புகிறது. சார்ஜ் ஏற்றும்போது தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போய்விடும். பேட்டரி சீக்கிரம் வறளும். மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டி வரும். வெப்பம் கூடினால் இந்த இழப்பும் கூடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில், ஐரோப்பியக் குளிரில் சோதித்த கலவையை அப்படியே எடுத்து வைத்தால் சல்ஃபேஷனில் சாகாத பேட்டரி வறட்சியில் சாகும். எவ்வளவு கரி, எந்த ரகம், அதில் இரும்பு போன்ற உலோக மாசு எத்தனை என்பதையெல்லாம் பேட்டரி ஆய்வகங்கள் மாதக்கணக்கில் சோதித்துத்தான் முடிவு செய்கின்றன. திறன் என்று ஒற்றை எண்ணில் சொல்வதெல்லாம் விளம்பரத்துக்கு உதவும். பிளேட்டுக்குள் இரண்டு மூன்று எண்கள் எப்போதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தொழிலின் பெரிய நச்சு எது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. 2021 ஏப்ரலில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஈய மாசைக் காரணம் காட்டி, கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டம் நூனகுண்டலபள்ளியிலும் இருந்த அமர ராஜா ஆலைகளை மூட உத்தரவிட்டது. நிறுவனம் அதை மறுத்து உயர்நீதிமன்றம் சென்று இடைக்கால நிவாரணம் பெற்றது. வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்கு உரியது. நானோ கரியைப் பற்றி யோசிப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒரு பேட்டரி மூன்று ஆண்டுக்குப் பதிலாக நான்கு ஆண்டு உழைத்தால், அதே எண்ணிக்கை வீடுகளுக்கு ஆண்டுதோறும் உருக்கப்படும் ஈயம் நான்கில் ஒரு பங்கு குறையும். சில கிராம் கரி சில கிலோ ஈயத்தை உலையிலிருந்து விலக்கி வைக்கிறது. அந்தக் கரியும் வெளியே வருவதில்லை. பழைய பேட்டரியை முறையான ஆலையில் உருக்கும்போது உலையின் சூடு ஆயிரம் டிகிரியை ஒட்டியது. நானோ குழாய் அதில் எரிந்து போகும். திறனும் விலையும் பாதுகாப்பும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம். இது அப்படிப்பட்ட ஒரு சந்தர்ப்பம்.

லித்தியம் கலத்தில் கணக்கு இன்னும் சுவாரசியம். திருப்பதி மின்னணு உற்பத்தித் தொகுப்பில், சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ் 165 கோடி ரூபாயில் அமைத்த லித்தியம் அயனி மின்கல ஆலையை 2022 செப்டம்பரில் மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் முன்னோட்டமாகத் தொடங்கிவைத்தார். நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள கலங்கள் 20,000 செய்யலாம் என்று அறிவிக்கப்பட்டது. பவர் பேங்க்கில் போகிற மாதிரியான கலம்.

லித்தியம் கலத்தின் பாசிட்டிவ் பக்கத்து ரசாயனம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆகவே அதோடு கரி கலந்தே ஆக வேண்டும். உருண்டைக் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழி அமைக்க வேண்டுமானால் இரண்டு மூன்று சதவீதம் தேவை. நூல் போன்ற நானோ குழாய்க்கு ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ போதும். மிக மெல்லிய ஒற்றைச் சுவர் குழாய்க்கு நூறில் ஒரு பங்கின் பத்தில் ஒரு பகுதிகூட வேண்டாம். நீளம் கூடக் கூட, குறைந்த எண்ணிக்கையிலேயே குறுக்கும் நெடுக்குமாகச் சந்தித்துக்கொள்ளும் என்பதுதான் காரணம்.

விலையை மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ எலக்ட்ரோடு கலவைக்கு 30 கிராம் பேட்டரி ரகக் கார்பன் பிளாக். கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 ரூபாய். பல சுவர் குழாய் 10 கிராம். கிலோ ஆறாயிரம் என்றால் 60 ரூபாய். ஒற்றைச் சுவர் குழாய் அரை கிராம். கிலோ ஒன்றரை லட்சம் என்றாலும் 75 ரூபாய்தான். கிலோ விலையில் நூற்றைம்பது மடங்கு வித்தியாசம்; கலத்துக்குள் போனதும் இரண்டரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மிச்சமான இடத்தில் கூடுதல் லித்தியச் சேர்மத்தைத் திணிக்கலாம். அந்த லாபம் 45 ரூபாயைத் தாண்டிவிடலாம். ‘நானோ பொருள் விலை அதிகம்’ என்ற பேச்சுக்குக் கிலோ விலை மட்டும் பதில் ஆகாது. ஒரு வேலைக்கு எத்தனை கிராம் என்று கேட்டால்தான் பதில் வரும்.

ஆனால் அந்த அரை கிராம் ஒழுங்காகப் பரவினால்தான் இதெல்லாம் நடக்கும். நானோ குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கலாகிவிடும் சுபாவம் கொண்டவை. சிக்கு எடுக்க அரவையும் கரைப்பானும் வேண்டும். அதிகம் அரைத்தால் குழாய் துண்டாகி நீளத்தின் பலனே போய்விடும். பேட்டரித் தொழிலில் வழக்கமான கரைப்பான் என்.எம்.பி. எனப்படும் திரவம். கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதால் ஐரோப்பா அதற்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. நல்ல ஆலைகள் ஆவியாகும் என்.எம்.பி.யை மூடிய குழாயில் பிடித்துக் குளிரவைத்து மீண்டும் பயன்படுத்துகின்றன. இல்லாவிட்டால் செலவும் கட்டாது. நானோ குழாயின் ஆபத்தைப் பேசுகிறவர்கள் பலர் அதைச் சுமந்து வரும் திரவத்தைப் பேச மறந்துவிடுகிறார்கள். அதேபோல, குழாயை வளர்க்கும்போது இரும்பு, கோபால்ட், நிக்கல் துகள்கள் வினையூக்கியாக இருக்கின்றன. அவற்றை நீக்க வலிய அமிலத்தில் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் கலத்துக்குள் இரும்பு மிஞ்சிக் கலம் தானே சார்ஜ் இழக்கும். கழுவினால் அமிலக் கழிவு மிஞ்சும்.

இத்தனைக்கும் ஈடுகொடுக்கச் சந்தை வேண்டும். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் லெவர்குசனில் ஆண்டுக்கு 200 டன் நானோ குழாய் செய்யும் ஆலையை 2010-இல் திறந்தது. பிளாஸ்டிக், விளையாட்டுச் சாமான், காற்றாலை இறக்கை என்று எங்கும் போகும் என எதிர்பார்த்தார்கள். 2013 மே மாதம் அந்தத் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தார்கள். ஒற்றைக் குழாயின் வலிமை பிளாஸ்டிக்கில் கலந்ததும் கிடைப்பதில்லை. குழாய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே பிடிமானம் நழுவிவிடும். அப்போது மின்சார வாகனச் சந்தையும் பெரிதாக வளர்ந்திருக்கவில்லை. இன்று பேட்டரிகளுக்காகவே சீனாவின் சிநானோவும் கொரியாவின் எல்.ஜி. கெமும் பெருமளவில் குழாய் செய்கின்றன. நம் பக்கத்தில் பெங்களூரின் நோபோ நானோடெக்னாலஜிஸ் ஒற்றைச் சுவர் குழாய் செய்கிறது. பேயர் தோற்றது வேதியியலில் அல்ல என்றே படுகிறது. எந்த வேலைக்கு இது தேவை என்று தெரியும் முன்பே ஆலை கட்டிவிட்டார்கள்.

இனி, இந்தக் குழாய்களைச் சுவாசிக்கும் நுரையீரல்.

2008-இல் எடின்பரோவைச் சேர்ந்த கென் டொனால்ட்சன் குழுவினர் நீளமான, விறைப்பான பல சுவர் நானோ குழாய்களை, நுரையீரலைச் சுற்றிய சவ்வுக்கு மாதிரியாக, எலிகளின் வயிற்றுச் சவ்வில் செலுத்திப் பார்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டாக்கும் அதே மாதிரி அழற்சி, அதே மாதிரி தழும்புக் கட்டிகள். குட்டையான, சுருண்ட குழாய்களைச் செலுத்தியபோது அப்படி நேரவில்லை. உடலுக்குள் வரும் அந்நியத் துகளை விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள் ஏறக்குறைய பத்து, இருபது மைக்ரோமீட்டர் அகலம் உள்ளவை. அதைவிட நீண்ட ஊசியை அவை முழுதாக விழுங்க முடியாமல் பாதியில் திணறுகின்றன, குழந்தை முழு முருங்கைக்காயை வாயில் திணித்துக்கொண்டதுபோல. அந்தத் திணறலில் கசியும் ரசாயனங்கள்தான் சுற்றுத் திசுவைப் புண்ணாக்குகின்றன.

2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கூடி, எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற விறைப்பான ஒரு ரகத்தை மட்டும் ‘மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற குழாய்களை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று 3-ஆம் பிரிவில் விட்டது. கார்பன் பிளாக்கும் அதற்கு முன்பிருந்தே 2பி பிரிவில்தான் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் தொழிற்சாலைக் காற்றுக்கான வரம்பில் இரண்டும் வெகு தூரம் விலகி நிற்கின்றன. அமெரிக்காவில் கார்பன் பிளாக்குக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 3.5 மில்லிகிராம் வரை அனுமதி. நானோ குழாய்க்கு அந்நாட்டின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது ஒரே ஒரு மைக்ரோகிராம். 3,500-இல் ஒரு பங்கு. 2019-இல் சுவீடனின் கெம்செக் அமைப்பு, தொழிலில் தவிர்க்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் கார்பன் நானோ குழாய்களைச் சேர்த்தது. எல்லாக் குழாயையும் ஒரே பெயரில் தள்ளிவைப்பது சரியா என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். அவர்கள் ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதி ஒற்றைச் சுவர் குழாய்களைச் சிதைக்கக்கூடும் என்று 2010-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்லா ரகமும் என்றென்றைக்கும் நுரையீரலில் தங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை.

ஒரு மைக்ரோகிராம் என்பது தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிகிற அளவே அல்ல. மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும்போது எழும் கறுப்பு மேகம் தெரிந்தால் வரம்பு எப்போதோ தாண்டியாயிற்று. முகத்தில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் அதைப் பிடிக்காது. அதனால்தான் பேட்டரித் தொழிலில் குழாய் பெரும்பாலும் தூளாக விற்கப்படுவதில்லை. குழம்பாக டிரம்மில் வருகிறது. பிளாஸ்டிக் தொழிலில் ஏற்கெனவே கலந்து உருட்டிய மணியாக வருகிறது. ஈரமானது பறக்காது, பிளாஸ்டிக்கில் புதைந்தது பறக்காது. கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் விலை. ஆனால் வாங்கும் சிறு ஆலை தனியாகக் காற்று வடிகட்டி அறை கட்டத் தேவையில்லை. பாதுகாப்பு என்றாலே செலவு என்று நினைக்கும் முதலாளிகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

மண்ணில் விழுந்தால் எவ்வளவு காலம் இருக்கும்? இதற்குச் சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூரில் எதிர்பாராத ஒரு குறிப்பு கிடைத்தது. 2020-இல் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் நானோ குழாய்கள் இருப்பதாகச் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதினார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓடுகள் அவை. அதற்கு முன் பேசப்பட்ட பழைய எடுத்துக்காட்டு, 2006-இல் டிரெஸ்டனில் ஆராயப்பட்ட 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள். குயவர் குழாயை நினைத்துச் செய்திருக்க மாட்டார். சூளையின் சூட்டில், பச்சிலைச் சாறோ வேறு கரிமப் பொருளோ கருகியபோது தானாக உருவாகியிருக்கும். நமக்கெல்லாம் அந்தச் செய்தி பெருமையாகத்தான் இருந்தது. சூழலியல் கண்ணால் பார்த்தால் அதே செய்தி வேறொன்றும் சொல்கிறது: பூச்சுக்குள் பத்திரமாக இருந்த நானோ குழாய் இருபத்தைந்து நூற்றாண்டாக மண்ணுக்கடியில் அப்படியே கிடந்திருக்கிறது.

இந்த எண்ணத்தோடு வயலுக்குப் போக வேண்டும். திருப்பதியில் ஆச்சார்ய என்.ஜி. ரங்கா வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே டி.என்.வி.கே.வி. பிரசாத் குழுவினர் நிலக்கடலையில் நானோ துத்தநாக ஆக்சைடைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. 25 நானோமீட்டர் துகளை, பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு என்ற அளவில் கொடுத்தபோது முளைப்பும் நாற்றின் வீரியமும் கூடின. காய் மகசூல் வழக்கமான துத்தநாக உரத்தைவிட 34 சதவீதம் அதிகம். அளவை இரண்டாயிரமாக்கியதும் வளர்ச்சி குன்றியது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே இரண்டே மடங்கு இடைவெளி. பம்பில் மருந்து கலக்கும்போது ஒரு மூடி கூடக் குறையப் போவது எவ்வளவு சகஜம் என்பது விவசாயிகளுக்குத் தெரியும்.

துத்தநாகமாவது பயிருக்குத் தேவையான சத்து. கரைந்து செடிக்குள் போய்விடும். கார்பன் குழாய் சத்தே அல்ல. இருந்தாலும் அதற்கும் ஒரு கவர்ச்சி உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மரியா கோடகோவ்ஸ்கயா 2009-இல் தக்காளி விதைகளை நானோ குழாய் கலந்த ஊடகத்தில் முளைக்கவைத்தபோது அவை வேகமாக முளைத்தன. குழாய் விதையுறையைத் துளைத்து நீர் புக உதவியது என்றார்கள். 2013-இல் அதே குழு, குழாய் சேர்த்த மண்ணில் தக்காளிச் செடிகள் இரண்டு மடங்கு பூவும் காயும் விட்டதாக எழுதியது. நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று, 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில்தான் கூடுகிறது. ஒரு வருடம் கிலோ நூறைத் தாண்டி, இன்னொரு வருடம் ரோட்டில் கொட்டப்படும் தக்காளி. இரட்டை மகசூல் என்ற சொல் அங்கே எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதே ஆய்வாளர்கள் 2011-இல் குழாய்கள் வேரிலிருந்து இலைக்கும் பழத்துக்கும் ஏறியிருப்பதையும் கண்டறிந்தார்கள். சாப்பிடும் பழத்துக்குள் நானோ குழாய். டயரில் ரப்பர் கரியைக் கட்டிப்போடுகிறது, பேட்டரியில் பெட்டி பூட்டிவைக்கிறது. வயலில் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. ஸ்வர்ணமுகி ஆறுவரை போகலாம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் நானோ வேளாண் இடுபொருட்களையும் உணவுப் பொருட்களையும் மதிப்பிட வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மறு ஆண்டு நானோ யூரியா சந்தைக்கு வந்தது. கார்பன் குழாயை அந்த வரிசையில் நிறுத்த அவசரம் ஏதும் தெரியவில்லை. விலை குறைந்தாலும், மகசூல் கூடினாலும், திரும்பப் பொறுக்கியெடுக்க முடியாத இடத்தில் சிதையாத பொருளைத் தெளிப்பதற்கு இன்று கையிலிருக்கும் சான்று போதாது.

தண்ணீர் வடிகட்டியிலும் ஏறக்குறைய இதே நிலை. நானோ குழாய் வடிகட்டி என்ற பெயர் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் காங்கேயம் பக்கம் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுத் தயாரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பைத் தருகிறது. பல சுவர் குழாய் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. குளோரின் வாடையையும் பூச்சிமருந்தையும் பிடிக்கச் சிரட்டைக்கரி போதும். அங்கே நானோ குழாயைத் திணிப்பது வெறும் பகட்டு.

நிலக்கடலைத் தோட்டிலிருந்தும் மாங்கொட்டையிலிருந்தும் நானோ கரி செய்யலாமே என்ற யோசனை இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது. சித்தூரின் மாங்கூழ் ஆலைகளில் கிளிமூக்கு மாம்பழத்தின் கொட்டையும் தோலும் மலையாகக் குவிகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் கடலைத் தோட்டைக் கரியாக்கி சோடியம் அயனி மின்தேக்கியின் இரு முனைகளையும் செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு 2020-இல் கரிப்பொருளுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் கிராஃபீனாக்கியது. உணவுக் கழிவும் பழைய பிளாஸ்டிக்கும் அதற்கு மூலப்பொருள். இவற்றில் உண்மையான பலன் இருக்கிறது. ஆனால் தோட்டிலிருந்து வந்தது என்பதாலேயே பசுமை என்று முத்திரை குத்திவிடக் கூடாது. துளைகள் உண்டாக்கக் கரியின் எடையைவிட அதிகமாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து சுட்டு, பிறகு அமிலத்திலும் தண்ணீரிலும் அலசும் முறை ஆய்வுக் கட்டுரைகளில் சர்வசாதாரணம். பருவமழை பொய்த்தால் டேங்கர் தேடும் மாவட்டத்தில் அந்த அலசல் தண்ணீர் எங்கிருந்து வரும், கழுவிய காரம் எங்கே போகும் என்று கேட்டுவிட்டுத்தான் முதலீடு செய்ய வேண்டும்.

நானோ குழாய் தளர்ந்து காற்றில் பறக்க வாய்ப்புள்ள நேரங்கள் அதன் வாழ்நாளில் முக்கியமாக இரண்டு. ஒன்று, ஆலையில் மூட்டை பிரியும்போது. குழம்பும் மணியும் அதைச் சமாளித்துவிட்டன. இன்னொன்று, செத்த லித்தியம் கலத்தை உடைக்கும்போது. ஈய பேட்டரிபோல எல்லாவற்றையும் நேராக உலையில் தள்ளுவதில்லை. கலத்தை அரைத்து, எலக்ட்ரோடுப் பூச்சைத் தனியாகப் பிரிக்கிறார்கள். ‘பிளாக் மாஸ்’ என்ற அந்தக் கறுப்புத் தூளில்தான் கோபால்ட், நிக்கல், லித்தியத்தோடு நானோ கரியும் இருக்கிறது. நல்ல ஆலைகள் திரவத்துக்குள்ளோ நைட்ரஜன் நிரப்பிய மூடிய அரவையிலோ உடைக்கின்றன. பழைய இரும்புக் கடையில் சுத்தியல்தான். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளர் பழைய கலங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்கின்றன. மறுசுழற்சியில் எத்தனை சதவீதப் பொருளை மீட்க வேண்டும் என்று ஆண்டுவாரியாக இலக்கும் வைத்திருக்கின்றன. அரைக்கும் இடத்துக் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நானோ குழாய் இருக்கலாம் என்பதற்கு அவற்றில் எண் எதுவும் இல்லை.